பிள்ளைகள் போனில் இருக்கிறார்கள், சங்கம் எங்கே இருக்கிறது?



எமது கூட்ட அறிவித்தல்கள் இன்றும் கோயிலடியிலும் கூட்டுறவுக் கடைச் சுவரிலும்தான் ஒட்டப்படுகின்றன. அவற்றை நின்று வாசிப்பவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே சந்தா கட்டுபவர்கள். அவர்களுடைய மகனும் மகளும் அந்தச் சுவரைக் கடந்து காலை பஸ்ஸுக்குப் போய்விடுகிறார்கள். பளை, முகமாலை, எழுதுமட்டுவாள் பக்கத்துத் தென்னந்தோட்டக் குடும்பங்களின் பிள்ளைகள் சாவகச்சேரிக்கும் யாழ்ப்பாண நகருக்கும் வேலைக்குப் போகிறார்கள். ஹட்டனிலும் பண்டாரவளையிலும் இருந்து வந்த பிள்ளைகள் புடவைக் கடையிலும் சாப்பாட்டுக் கடையிலும் நின்று, கடை மாடியிலேயே படுக்கிறார்கள். தாய் தகப்பன் பெயர் சங்கப் பட்டியலில் இருக்கிறது. இவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

பாடசாலையில் படிப்பித்துவிட்டுப் பின்னேரம் சங்க வேலைக்குப் போகும் நாம் இதை நேரிலேயே பார்க்கிறோம். சாதாரண தரம் வரை எம்மிடம் படித்த பிள்ளை இரண்டு வருடத்தில் எங்கே வேலை செய்கிறது என்பது சங்கத்துக்குத் தெரியாது. ஆனால் டிக்டொக்குக்கும் பேஸ்புக்குக்கும் தெரியும். பேஸ்புக்கில் விளம்பரம் போடுகிறவனுக்கு வயது 18 முதல் 30 வரை, மொழி தமிழ், யாழ் நகரைச் சுற்றி இத்தனை கிலோமீற்றர் என்று தெரிவு செய்யும் வசதி இருக்கிறது. சிறு தொகையோடு அவன் எமது பிள்ளையின் கைக்குள் போய்விடுகிறான்.

அப்படிப் போகிறவர்கள் யார்? வெளிநாட்டு வேலை என்று ஆள் பிடிப்பவர்கள், சூதாட்டச் செயலிக்காரர், அடையாள அட்டைப் படத்தை அனுப்பினால் கடன் என்பவர்கள். மியன்மாரின் மியாவடிப் பகுதி இணைய மோசடி முகாம்களில் இலங்கை இளைஞர் சிக்கியதையும், ரஷ்ய-உக்ரைன் போர்முனைக்கு இலங்கையர் கொண்டுபோகப்பட்டது 2024இல் வெளியே வந்ததையும் நாம் மறக்கவில்லை. சமூக ஊடகத்தில் வந்த “நல்ல சம்பளம்” என்ற வார்த்தைதான் பலருக்கு முதல் வாசலாக இருந்தது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தை அழைத்து முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று கேட்கலாம். இதைச் சொல்ல அரை நிமிட வீடியோ போதும். அதை எமது சங்கங்கள் ஏன் செய்யவில்லை?

“பேஸ்புக்கில் சங்கம் நடத்த ஏலாது” என்று மூத்த தோழர்கள் சொல்கிறார்கள். “நோட்டீஸை யார் வாசிக்கிறார்கள்?” என்று இளையவர்கள் கேட்கிறார்கள். இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. அந்த உண்மை எது என்பதை 2018ஆம் ஆண்டு எமக்குக் காட்டிவிட்டது.

காலிமுகத்திடல் கற்பித்த பாடம்

2018 ஒக்டோபர் 24ஆம் திகதி, போயா விடுமுறை நாளில், ஆயிரக்கணக்கான மலையக இளைஞர் கறுப்பு உடையில் கொழும்பு காலிமுகத்திடலில் கூடினார்கள். தோட்டத் தொழிலாளருக்கு நாட்சம்பளமாக 1000 ரூபா வேண்டும் என்பதே கோரிக்கை. வந்தவர்களில் பெரும்பாலானோர் கொழும்பில் கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்த தோட்டத்துப் பிள்ளைகள். பெரிய சங்கம் எதுவும் அவர்களை பஸ் பிடித்து ஏற்றிவரவில்லை. பேஸ்புக் வழியாகவே அழைப்புப் பரவியது.

அந்த அழைப்பு ஏன் எடுபட்டது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கோரிக்கை ஒன்றுதான், அதுவும் ஓர் எண். யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. கடைப் பிள்ளைக்கு லீவு கிடைக்கக்கூடிய நாளைத் தெரிந்தெடுத்தார்கள். கறுப்புச் சட்டை எல்லோரிடமும் இருக்கும், படத்திலும் எடுப்பாகத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, அழைத்தவனும் அழைக்கப்பட்டவனும் ஒரே வயது, ஒரே பேச்சு. மேடைத் தமிழில் யாரும் அழைக்கவில்லை.

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். 2019 ஜனவரியில் கூட்டு ஒப்பந்தம் கைச்சாத்தானபோது அடிப்படைச் சம்பளம் 700 ரூபாவில் நின்றது. திடலில் நின்ற பிள்ளைகளுக்கு அந்த மேசையில் கதிரை இல்லை. மேசையில் இருந்த சங்கங்களுக்கு அந்தப் பிள்ளைகளின் பலத்தை உள்ளே கொண்டுபோகும் வழி இல்லை. 1000 ரூபா சம்பள நிர்ணய சபை மூலம் வர்த்தமானியில் வர 2021 மார்ச் ஆகிவிட்டது. ஆள் சேர்க்கத் தெரிந்தவர்களும் ஒப்பந்தம் பேசத் தெரிந்தவர்களும் வெவ்வேறு இடங்களில் நின்றதன் விலையைக் கொழுந்து பறித்த தாய்மார் கொடுத்தார்கள்.

குடாநாட்டு இளைஞருக்கும் இந்த வித்தை புதிதல்ல. 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூட்டம் திரண்டபோது நல்லூரில் ஆதரவுக்குக் கூடியவர்களும் இளைஞர்தான், அழைப்புப் போனதும் முகநூலில்தான். கடல் கடந்த காளைக்காக ஒன்றுகூடத் தெரிந்த ஊரில், பக்கத்துக் கடையில் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் கால்கடுக்க நிற்கும் பிள்ளைக்காக ஒன்றுகூட முடியாதா?

ஐயர் தம்பதி செய்த வேலை

இதைப் புதுமோகம் என்று ஒதுக்குவோருக்கு எமது சொந்த வரலாற்றையே நினைவூட்டுவோம். கோ. நடேசய்யர் தோட்டத்துக்குள் நுழைய அனுமதி இல்லாத காலத்தில் புடவை வியாபாரி வேடத்தில் உள்ளே போனவர். தேசபக்தன் பத்திரிகை நடத்தியவர். ஆனால் வாசிக்கத் தெரியாத தொழிலாளியிடம் பத்திரிகை போய்ச் சேராது என்பது அவருக்குத் தெரியும். அதனால் சட்டமும் உரிமையும் பாட்டாயின. அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் அந்தப் பாட்டுகளைச் சனம் கூடும் இடங்களில் நின்று பாடினார். பாட்டுப் புத்தகம் கைமாறியது. கேட்டவர் லயத்தில் போய்த் திரும்பப் பாடினார். இன்று “ஷெயார்” என்று சொல்கிறோமே, அது வேறென்ன?

அந்தப் பாட்டுகளுக்குப் பின்னால் 1931இல் தொடங்கிய தொழிலாளர் சம்மேளனம் இருந்தது. பாட்டைக் கேட்டவன் போய்ச் சேர ஓர் இடம் இருந்தது. இதைத்தான் நாம் மறக்கக்கூடாது.

பக்கத்தில் என்ன போட வேண்டும்?

இப்போது பல சங்கப் பக்கங்களைத் திறந்தால் தலைவருக்குப் பொன்னாடை, தலைவரின் பிறந்தநாள், தலைவர் அமைச்சரைச் சந்தித்த படம். இருபது வயதுப் பிள்ளை இதில் எதற்காக நிற்க வேண்டும்? அந்தப் பிள்ளை நின்று பார்ப்பது தன் சம்பளத்தைப் பற்றிய செய்தியைத்தான். அப்படியான செய்தி எம்மிடம் நிறைய இருக்கிறது.

முதலாவது, 30,000. தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகி, 2026 ஜனவரி முதல் 30,000 ரூபா. இது தனியார் கடைக்கும் பொருந்தும். “உனக்கு எவ்வளவு தருகிறார்கள்?” என்ற ஒரு கேள்வியே முழு வீடியோவாகிவிடும்.

இரண்டாவது, 6,900. 30,000 ரூபா சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் 8 வீதம் 2,400, முதலாளியின் 12 வீதம் 3,600, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளியின் 3 வீதம் 900. மாதாமாதம் 6,900 ரூபா உன் பெயரில் போகிறதா? பெயரே பதியாமல் வேலை செய்யும் பிள்ளைக்கு இந்த எண் நெஞ்சில் குத்தும்.

மூன்றாவது, 45. கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. வாரத்துக்கு 45 மணித்தியாலம், அதற்கு மேல் ஒன்றரை மடங்கு மேலதிகக் கொடுப்பனவு, வாரத்துக்கு ஒன்றரை நாள் விடுமுறை. இது முதலாளியின் தயவு அல்ல என்பதை ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குச் சொல்ல வேண்டும்.

சொல்லும் விதத்திலும் கவனம் வேண்டும். ஒரு வீடியோவுக்கு ஒரு விஷயம், ஒரு நிமிடத்துக்குள். கடையில் சத்தம் வைத்துக் கேட்க முடியாது, ஆகவே எழுத்து கட்டாயம். கடை பூட்டிய பின் இரவு ஒன்பது மணிக்குப் போட்டால் பார்ப்பார்கள், காலையில் போட்டால் பார்க்க மாட்டார்கள். பேச்சு பிள்ளைகளின் பேச்சாக இருக்கட்டும். மலையகப் பேச்சை யாழ்ப்பாணப் பேச்சாகத் திருத்த வேண்டாம், யாழ்ப்பாணப் பேச்சை மேடைத் தமிழாக்கவும் வேண்டாம். கீழே வந்து “தோட்டக்காட்டான்” என்று எழுதுபவர்கள் இருப்பார்கள். அந்தச் சொல்லைப் பயந்து அழித்துவிட்டு இருக்காமல், அதற்கும் அடுத்த வீடியோவில் பதில் சொல்வோம். கடையில் பக்கத்தில் நிற்கும் யாழ்ப்பாணப் பிள்ளைக்கும் அதே சம்பளம்தான் மறுக்கப்படுகிறது என்பதே அந்தப் பதில்.

பாதுகாப்பை மறக்கக்கூடாது

முதலாளிக்கும் பேஸ்புக் இருக்கிறது. கூட்டத்துக்கு வந்த பிள்ளையின் முகத்தைக் கேட்காமல் பதிவேற்றினால் மறுநாள் வேலை போகலாம். சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலை நீக்குவதைக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்துக்கு 1999இல் வந்த திருத்தம் தடுக்கிறது என்பது உண்மை. ஆனால் வழக்கு முடியும்வரை அந்தப் பிள்ளை எதைச் சாப்பிடும்? ஆகவே அனுமதி இல்லாமல் முகம் வேண்டாம். பெண் பிள்ளைகளின் படத்தை எடுத்துத் திரித்துப் போடும் கூட்டமும் இருக்கிறது. குரல் மட்டும் தர விரும்பினால் குரல் போதும். உறுப்பினர் பெயரும் தொலைபேசி இலக்கமும் வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் தெரியக் கிடக்கக்கூடாது. 2024 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும் மனதில் வைத்து, நிரூபிக்க முடிந்ததை மட்டும் போடுவோம்.

இன்னொன்று: எல்லா முட்டையையும் கம்பனியின் கூடையில் வைக்க ஏலாது. 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரலிலும், 2022 ஏப்ரலிலும் இந்த நாட்டில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. அன்று கையில் இலக்கப் பட்டியல் இருந்தவர்களால்தான் ஆளை ஆள் தேட முடிந்தது.

எமது முன்மொழிவு

அடுத்த மாவட்டக் குழுக் கூட்டத்தில் நான்கு தீர்மானங்களை எடுக்கக் கேட்கிறோம். ஒன்று, சங்கப் பக்கத்தின் பொறுப்பை முப்பது வயதுக்குட்பட்ட நால்வரிடம், இருவர் பெண்களாக, ஒப்படைக்க வேண்டும். என்ன போடலாம் என்று ஒவ்வொரு முறையும் தலைவரைக் கேட்கும் வழக்கம் வேண்டாம், மாதம் ஒருமுறை கணக்குக் கேட்டால் போதும். இரண்டு, போஸ்டர் அச்சடிக்கும் செலவில் ஒரு பங்கை யாழ் நகர், சாவகச்சேரி, கொடிகாமம் பகுதி இளைஞருக்கான விளம்பரத்துக்கு ஒதுக்க வேண்டும். மூன்று, பக்கத்துக்கு வரும் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நாளுக்குள் பதில், ஒரு வாரத்துக்குள் நேரில் ஓர் ஆள். அந்த ஆள் போகாவிட்டால் வீடியோ போட்டதில் பிரயோசனம் இல்லை. நான்கு, லைக் எண்ணிக்கையை வெற்றியாக அறிக்கையில் எழுதக்கூடாது. புதிதாகச் சந்தா கட்டியவர், சேமலாப நிதியில் பெயர் பதிவானவர், தொழில் திணைக்களத்துக்குப் போன முறைப்பாடு என்று மூன்று எண்களை மட்டும் எழுத வேண்டும்.

இந்த மூன்றாவது தீர்மானத்துக்குப் பணம் தேவையில்லை, சைக்கிளும் மனமும் உள்ள ஆட்கள் தேவை. எந்தக் கிளை எத்தனை பேரைத் தரும் என்ற பட்டியலோடு தோழர்கள் கூட்டத்துக்கு வாருங்கள்.