மலையகத் திருச்சபை: உறவும் மௌனமும்

மலையகக் கிறிஸ்தவரைப் பற்றிப் பேசுவோர் இரு சாராராகப் பிரிந்து நிற்கின்றனர். தோட்டத்துச் சிறு சபைகளில் நிலவும் ஒட்டுறவைப் போற்றிப் புகழ்ந்து, அதற்கப்பால் எதனையும் ஆராய மறுப்போர் ஒரு சாரார். துரைமார் கொண்டுவந்த மதம், துரைமாரோடு போயிருக்க வேண்டிய மதம் என ஒரே வரியில் அதனை ஒதுக்கிவிடுவோர் மறு சாரார். இவ்விரு நோக்குகளும் வரலாற்றின் பாதியையே காண்கின்றன. முதலாமவர் சபைக்குள் நிலவும் அன்பைக் கண்டு அதன் எல்லையைக் காணத் தவறுகின்றனர். இரண்டாமவர் ஆலயத்தைக் கட்டியவனைக் கண்டு அதனுள் வாழ்ந்தவனைக் காணத் தவறுகின்றனர். அச்சபைகளின் உறவு உண்மையானது. ஆயின் அது ஆலய வாசற்படியோடு நின்றுவிட்டது. அவ்வாறு நின்றமைக்கு மலையக மக்கள் கொடுத்த விலை பெரிது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் அவ்வுறவின் மெய்ம்மையை ஏற்றுக்கொள்வோம். தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கங்காணிமாரால் திரட்டப்பட்டுக் கடல் கடந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்து வந்த மக்களுக்கு இம்மலைகளில் ஊர் இல்லை. வரிசையாகக் கட்டிய லயங்களே இருந்தன. செக்ரோலில் தொழிலாளி ஓர் ஆள். பிரட்டுக்களத்தில் எண்ணப்படும் ஒரு தலை. ஞானஸ்நானத் தொட்டியருகே மாத்திரம் அவன் குழந்தை பலர் முன்னிலையில் பெயர் சொல்லி அழைக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வாழும் தோட்டத்தில் பத்துப் பதினைந்தே கிறிஸ்தவக் குடும்பங்கள் இருக்கும்போது, நோயாளிக்குக் கஞ்சி காய்ச்சுவதற்கும், கல்யாணத்துக்குக் கைகொடுப்பதற்கும், வழுக்கும் மலைப்பாதையில் பிரேதப்பெட்டியைச் சுமப்பதற்கும் அக்குடும்பங்களே ஒன்றுக்கொன்று துணை. வாரம் ஆறு நாளும் கொழுந்து பறித்த பெண், ஏழாம் நாள் வெள்ளைச் சேலையுடுத்தித் தன்னை மனுஷியாக உணர்ந்த இடம் அதுவே. இதனை ஏளனம் செய்பவர் லயத்து வாழ்வை அறியாதவர்.

ஆயினும் இவ்வுறவு எத்தகைய அடித்தளத்தின்மீது எழுப்பப்பட்டது என வினவாதிருத்தல் இயலாது. கோப்பித் தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில், 1854ஆம் ஆண்டு, தோட்டத் துரைமாரின் பணவுதவியோடு அங்கிலிக்க மிஷன் பணியொன்று தொடங்கப்பட்டது. திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வரவழைக்கப்பட்டனர். அதற்கு இடப்பட்ட பெயர் ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்பதாகும். ஆத்துமாக்களை மீட்கச் சென்ற பணி, அம்மக்களைக் கூலிகள் என்ற பெயராலேயே அறிந்துகொண்டது. சம்பளம் கொடுப்பவனே உபதேசியாரின் செலவையும் கொடுக்கும்போது, சம்பளத்தைப் பற்றி உபதேசியார் என்ன பேசமுடியும்? பொறுமையும் கீழ்ப்படிதலும் பிரசங்கத்திற்கு ஏற்ற பொருள்களாயின. கங்காணியிடம் பட்ட கடன் ஏற்ற பொருளாகவில்லை. நல்மனம் படைத்த மிஷனரிமார் இருந்தனர் என்பதை மறுக்கவில்லை. தனிமனிதரின் நல்மனம் ஓர் அமைப்பின் தன்மையை மாற்றிவிடாது என்பதே நோக்கற்பாலது.

அவ்வமைப்பின் தன்மையைக் கல்லிலேயே காணலாம். டிக்கோயாவில் 1878ஆம் ஆண்டு எழுந்த வோர்லி ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் வெள்ளைத் துரைமாரின் பெயர்கள் செவ்வனே செதுக்கப்பட்டுள்ளன. பொகவந்தலாவைப் புனித மரியாள் ஆலய வளவில், 1879ஆம் ஆண்டு காலமான புகழ்பெற்ற நிழற்படக் கலைஞர் யூலியா மாகிரட் கமரோன் அடக்கஞ் செய்யப்பட்டிருக்கிறார். தம் இறுதி ஆண்டுகளில் இலங்கையின் உழைக்கும் மக்களை அவர் படம் எடுத்தார். கலையுலகம் அப்படங்களை இன்றும் போற்றுகின்றது. படத்திலுள்ளோரிற் பெரும்பாலோரின் பெயர் எவருக்கும் தெரியாது. அதே மலைகளில் கோப்பியையும் பின்னர் தேயிலையையும் நட்டு மடிந்த தொழிலாளரிற் பெரும்பாலோர் தேயிலைச் செடிகளுக்கிடையே, பெயர் பொறித்த கல்லேதுமின்றிப் புதைந்து கிடக்கின்றனர்.

இதைக் கொண்டு, கிறிஸ்தவம் இம்மண்ணுக்கு அந்நியம் என முடிவுகட்டுவோர் அவசரப்படுகின்றனர். தேயிலையும் வெளியிலிருந்து வந்ததே. 1867ஆம் ஆண்டு லூல்கந்துரைத் தோட்டத்தில் அதனைப் பயிரிடுவித்தவர் ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்லாந்தியர். அதனை இந்நாட்டின் செல்வமாக்கியவர் தமிழ்த் தொழிலாளர். அவ்வாறே, துரையின் காசில் தொடங்கிய சபையைத் தமக்குரியதாக்கியவரும் அத்தொழிலாளரே. துரைமார் போய்விட்டனர், சபை நிற்கின்றது. ஆகவே பிறப்பைக் கொண்டு அதனைக் குற்றஞ் சாட்டுதல் நியாயமன்று. மக்கள் இக்கட்டுற்ற வேளையில் அது எங்கே நின்றது என்பதைக் கொண்டே அதனை அளத்தல் வேண்டும்.

அந்த வேளை 1948ஆம் ஆண்டு வந்தது. அவ்வாண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் வதிவிடச் சட்டமோ, 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன் மணமானவராயின் 7 ஆண்டும், மணமாகாதவராயின் 10 ஆண்டும் இடையறாது இங்கு வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டது. லயத்தில் வாழ்ந்தவனிடம் என்ன ஆவணம் இருக்கும்? எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் குவிந்தும், ஏறத்தாழ 1,34,000 பேரே குடியுரிமை பெற்றனர்.

இவ்விடத்திலேதான் சபையின் பதிவேடு நினைவுக்கு வருகின்றது. ஞானஸ்நானப் பதிவேட்டில் குழந்தையின் பெயர், தாய் தந்தையரின் பெயர், தகப்பனின் தொழில், வாழும் தோட்டம், திகதி ஆகிய யாவும் உண்டு. ‘இம்மக்களை நாம் அறிவோம், இவர்கள் இங்கே பிறந்தார்கள்’ என்று அரசின் முகத்துக்கு நேரே கூறும் தகுதி, மலையகத்தில் வேறெந்த நிறுவனத்தையும் விடத் திருச்சபைக்கு இருந்தது. ஆனால் 1952ஆம் ஆண்டு வாக்குரிமை மறுக்கப்பட்டமைக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் நடத்தியது இலங்கை இந்தியக் காங்கிரசே. அப்போராட்டத்தின் தலைமையில் சபையின் பெயர் இல்லை. பரலோக இராச்சியத்தின் பிரஜைகளை அது எண்ணி வைத்திருந்தது. அவர்கள் எந்த நாட்டின் பிரஜைகள் என்ற வினாவைத் தன் வினாவாக ஆக்கிக்கொள்ளவில்லை.

பின்னர் 1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 9,75,000 மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு சரிபாதியாகப் பிரித்துக்கொண்டனர். ஒரே ஆசனத்தில் அமர்ந்து ஆராதித்த அண்ணனும் தம்பியும் இரு நாட்டவராயினர். நீலகிரியிலும் பிற இடங்களிலும் குடியேறச் சென்றோருக்குச் சபைகள் கண்ணீரோடு ஜெபம் செய்து விடைகொடுத்தன. அக்கண்ணீர் உண்மையானது. ஆனால் அநீதியைத் துக்கமாக மாத்திரம் காணும் சமுதாயம் அந்த அநீதிக்கு இடம் விட்டுக்கொடுக்கின்றது.

‘சிறுபான்மையிலும் சிறுபான்மை நாம், அரசியலுக்குள் இறங்கினால் சபை பிளவுபடும், ஆலயம் நிற்கும் நிலமே தோட்டத்தினுடையது’ என்பர் சிலர். அச்சம் புரிந்துகொள்ளத்தக்கதே. ஆயின் மௌனமும் ஓர் அரசியலே. அது வலியவனுக்குச் சாதகமான அரசியல். மேலும், பேசுதல் இயலாது என்பதை வரலாறு பொய்ப்பித்துள்ளது. இயேசு சபைக் குருவான போல் கஸ்பர்ஸ் 1972ஆம் ஆண்டு கண்டியில் சத்யோதய நிலையத்தைத் தொடங்கினார். தோட்டத் தமிழரும் கிராமத்துச் சிங்களவரும் ஒருவரையொருவர் மனிதராகக் காணவேண்டுமென அது உழைத்தது. 1974ஆம் ஆண்டு தோட்டப் பகுதிகளுக்கான இணைப்புச் செயலகம் உருவாயிற்று. 2023ஆம் ஆண்டு, மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகள் நிறைவுற்றதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்த நடைபயணத்தில் தேசிய கிறிஸ்தவ மன்றம் முன்னின்றது. இவற்றால் எந்தச் சபையும் அழிந்துவிடவில்லை. குறை யாதெனின், இவை கண்டியிலும் கொழும்பிலும் சிந்திக்கப்பட்டவை. தோட்டத்துச் சபையோ இவற்றை எவரோ செய்யும் வேலையாகவே பார்த்து நிற்கின்றது.

வாசலுக்கு வெளியே மௌனம் காக்கும் சபை உள்ளேயும் முழுமையாகப் பேசுவதில்லை. ஒரே பாத்திரத்திலிருந்து நற்கருணை பெற்றவர்கள், பிள்ளைக்கு வரன் தேடும்போது பூர்விகக் கிராமத்தையும் சாதியையும் விசாரிக்கிறார்கள். ஆராதனையில் நிறைந்திருப்பவர்கள் பெண்கள். சபைக் கமிற்றியில் முடிவெடுப்போர் பெரும்பாலும் ஆண்கள். அண்மைத் தசாப்தங்களில் லயங்களுக்குள்ளேயே தோன்றிய ஜெபவீடுகள் மந்தையைத் திருடுவதாகப் பழைய சபைகள் முறையிடுகின்றன. மாதமொருமுறை வரும் போதகருக்காகக் காத்திருந்த நோயாளியின் வீட்டுக்கு அன்றன்று இரவே வந்து முழங்காலிட்டவர் யார் என்று அவை தம்மையே கேட்பதில்லை. இப்புதிய கூட்டங்களும் அயல் வீட்டு இந்துவைப் பகைத்துத் தம் நெருக்கத்தை வளர்க்குமாயின், அவையும் அதே மதிலை இன்னும் உயரமாகக் கட்டுவோரே.

இனிச் செய்யத்தக்கவை எவை? முதலாவது, மலையகச் சபைகளிலுள்ள ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவேடுகள் ஈரத்துக்கும் கறையானுக்கும் இரையாகாமற் காக்கப்படல் வேண்டும். குடும்பத்தினருக்கும் ஆய்வாளருக்கும் திறந்துவிடப்படல் வேண்டும். தன் வரலாற்றை எழுத ஆவணமில்லை என்று சொல்லப்படும் மக்களின் ஆவணம் அது. நமது பல்கலைக்கழகத் தமிழ், வரலாற்றுத் துறையினர் இதில் கைகோத்தல் கடன். இரண்டாவது, துரைமாரின் கல்லறைகளைப் பேணும் ஆலயங்கள், அப்பதிவேடுகளிலிருந்து தொழிலாளரின் பெயர்களையும் திரட்டித் தம் சுவர்களில் பொறித்தல் வேண்டும். மூன்றாவதே தலையாயது. 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் நாடற்றநிலைக்கு முடிவுகட்டின. ஆயினும் குடியுரிமை பெற்றவருக்குக் குடியிருக்கும் நிலத்தில் உரிமை கிட்டவில்லை. இன்றும் ஆயிரக்கணக்கானோர் பிறருக்குச் சொந்தமான லயக் காம்பராக்களிலேயே வாழ்கின்றனர். காணியுரிமைக் கோரிக்கையைத் தோட்டத்துச் சபை தன் ஜெபத்தில் மாத்திரமன்றித் தன் கமிற்றியின் நிகழ்ச்சிநிரலிலும் சேர்த்தல் வேண்டும். அதனையும் தன் உறுப்பினருக்காக மாத்திரம் கேட்டல் கூடாது. அதே லயத்தில் அடுத்த காம்பராவில் விளக்கேற்றி மாரியம்மனைக் கும்பிடுபவருக்காகவும் கேட்டல் வேண்டும்.

அயலான் யார் என்ற கேள்விக்கு நாசரேத்தூரார் சொன்ன கதையில் காயமுற்றவனின் மதம் கூறப்படவில்லை. அவனைத் தூக்கியவனோ, கதை கேட்டவர்களின் கூட்டத்தைச் சேராத சமாரியன். அக்கதையை ஆண்டுதோறும் வாசிக்கும் சபை, தன் உறவின் எல்லையைத் தன் அங்கத்தவர் பட்டியலைக் கொண்டு வரையறுத்தல் முறையாகாது. மலையகத் திருச்சபை தன் மக்களுக்கு ஒரு குடும்பமாக இருந்தது. அதற்கு நன்றி கூறுவோம். இனி அது ஓர் ஊராகவும் இருக்கக் கற்றுக்கொள்ளட்டும். ஊரில்லாதிருந்த மக்களுக்கு அது செலுத்தவேண்டிய கடன் அதுவே.