நெடி வேறு, தூய்மை வேறு

பினாயில் நெடி வீசும் இடமே தூய்மையான இடம் என்ற எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. மருத்துவமனையைக்கூடப் பலர் அந்த நெடியைக் கொண்டே மதிப்பிடுகின்றனர். என் கருத்தில், கிருமிநாசினியின் பயன் அதன் நெடியில் இல்லை. எதன்மீது, எந்த அளவில், எவ்வளவு நேரம் என்னும் மூன்று கேள்விகளின் விடையிலேயே அது அடங்கியுள்ளது.

முதற்கேள்வியே தலையாயது. தரை, கட்டில், பாத்திரம் போன்ற உயிரற்ற பொருள்களில் உள்ள கிருமிகளை அழிப்பது கிருமிநாசினி; உடலின்மீது பயன்படுத்தத் தக்கது புரைத்தடுப்பான். பிளஸ் டூ வேதியியல் பயிலும் பிள்ளைகள் இதை அறிவர்: பீனாலின் 0.2 சதவீதக் கரைசல் புரைத்தடுப்பான். 1 சதவீதக் கரைசல் கிருமிநாசினி. பொருள் ஒன்றே, அளவு மாறினால் பயனும் மாறுகிறது.

செஞ்சி வட்டாரத்தில் வயலில் இறங்கி உழைப்போருள் நீரிழிவு உள்ளவர்களும் உண்டு. அவர்கள் காலில் முள் தைத்த புண்ணில் கிருமிநாசினியை அப்படியே ஊற்றுவது பெருந்தீங்கு. புண்ணை ஆற்றும் புதுத் திசுவையும் அது அரித்துவிடும். உணர்விழந்த பாதத்திலோ எரிச்சலும் தெரியாது. தூய நீரால் கழுவி, சுத்தமான துணியால் மூடி, அன்றே மருத்துவரிடம் காட்டுவதே முறை.

2020 ஏப்ரலில், கொரோனா அச்சத்தால் திருப்பூரில் சந்தைக்கு வருவோர்மீது கிருமிநாசினி தெளிக்கும் சுரங்கப்பாதை அமைக்கப்பட்டது. நோக்கம் நல்லதே. எனினும், மனிதர்மீது இவ்வாறு தெளிப்பது உடலுக்குத் தீங்கு என மத்திய சுகாதார அமைச்சகம் அம்மாதம் 18ஆம் நாள் அறிவுறுத்தியது.

வீட்டில் நோயாளியின் அறையை முதலில் சோப்பு நீரால் கழுவுங்கள். அழுக்கு இருக்குமிடத்தில் குளோரின் வலுவிழக்கும். பின்னர் ஒரு லிட்டர் நீரில் 3 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் துடைத்து, 10 நிமிடம் ஈரமாக விடுங்கள். கரைசலை அன்றன்றே தயாரியுங்கள். சன்னல்களைத் திறந்து வையுங்கள். கழிவறை ஆசிட்டுடன் ஒருபோதும் கலக்காதீர்கள். எழும் குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கும்.

இவை அனைத்தினும் எளியது கைகழுவுதல். 1847இல் வியன்னாவில் மருத்துவர் செம்மல்வைஸ், பிரசவ அறைக்குள் நுழைவோர் குளோரின் கலந்த நீரில் கைகழுவ வேண்டுமென விதித்தார். தாய்மாரின் மரணம் வெகுவாகக் குறைந்தது. இன்று உங்கள் வீட்டுக்குச் சோப்பும் நீருமே போதும்.

மாத்திரையை எப்போது தருவது என்று கேட்பதுபோல, புண்ணை எதனால் கழுவுவது என்பதையும் வீடு திரும்புமுன் எங்களிடம் கேளுங்கள். அக்கேள்வி ஒரு காலைக் காக்கக்கூடும்.