தங்கவயலும் திரைவயலும்

ஒரு திரைப்படம் நன்று என்றோ தீது என்றோ தீர்ப்புக் கூறுவதற்கு இந்நாளில் எவரும் தயங்குவதில்லை. எவ்வளவுகோல் கொண்டு அளந்தீர் என்று வினவினால்தான் விடை கிடைப்பதில்லை. எத்தனை கோடி வசூல், எத்தனை நாள் ஓட்டம், எத்தனை மொழியில் வெளியீடு என்னும் கணக்குகளே திறனாய்வின் அரியணையில் ஏறி அமர்ந்துவிட்டன. கணக்கு எழுதுவது என் தொழில். மைய அரசு அலுவலகம் ஒன்றில் இருபதாண்டுக்கு மேலாகக் கோப்புகளோடு வாழ்பவன் யான். வரவு மிகுதி என்பதற்காக எந்தத் தணிக்கையாளரும் ஒரு கணக்கைச் சரியென்று ஒப்புவதில்லை. சீட்டு உண்டா, நாள் உண்டா, கையொப்பம் யாருடையது என்றே அவர் கேட்பார். திரைப்படத்தை மட்டும் வரவு பார்த்து ஒப்புவது என்ன நீதி?

இவ்வினா பொதுவானதேனும் நம்மவர்க்கு இது சொந்த வினா. நம் ஊரின் பெயரையே தலைப்பாகச் சூடி, 'கே.ஜி.எஃப்.' என்னும் கன்னடப் படத்தின் முதற்பாகம் 2018 டிசம்பர் 21ஆம் நாளிலும், இரண்டாம் பாகம் 2022 ஏப்ரல் 14ஆம் நாளிலும் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் வெளிவந்தன. பிரசாந்த் நீல் இயக்க, யஷ் நடித்தார். பா. இரஞ்சித் இயக்கி விக்ரம் நடித்த 'தங்கலான்' 2024 ஆகஸ்டு 15இல் வந்தது. இவையிரண்டும் நம் மண்ணைப் பொருளாகக் கொண்டவை. பெங்களூரிலும் சென்னையிலும் கடல் கடந்தும் வாழும் தங்கவயற் குடும்பத்துப் பிள்ளைகளிடம் "எந்த ஊர்?" என்று கேட்போர், விடை கேட்டதும் ராக்கியின் சுத்தியலையும் துப்பாக்கியையும் நினைத்துப் புன்னகைக்கின்றனர். பிள்ளைகளும் புன்னகைக்கின்றனர். அப்புன்னகையில் நான்கு தலைமுறையின் உழைப்பு மறைந்துபோகிறது. ஆதலால் இங்கு மதிப்பிட வேண்டியது கடமையாயிற்று.

அளவுகோல் எது?

வெளிநாட்டுத் திறனாய்வு நூல்களைத் தேடி அலைய வேண்டுவதில்லை. தொல்காப்பியர் செய்யுளியலில் செய்யுளுக்குக் கூறிய முப்பத்து நான்கு உறுப்புகளுள் களன், காலம், கூற்று, மெய்ப்பாடு, பயன் என்பனவும் அடங்கும். ஒரு செய்தி எவ்விடத்தில் நிகழ்கிறது, எப்பொழுதில் நிகழ்கிறது, அதனைச் சொல்பவர் யார், அது எழுப்பும் உணர்வு யாது, அதனால் விளைவது என்ன என்னும் இவ்வைந்து வினாக்களும் ஏட்டுச் செய்யுளுக்கு மட்டுமன்று, திரைச் செய்யுளுக்கும் பொருந்தும். மொழி எதுவாயினும், நடிகர் எவராயினும் இவ்வைந்தையே கேட்போம்.

களனும் காலமும்

'கே.ஜி.எஃப்.' படத்தில் வருவது நராச்சி என்னும் சுரங்கம். சுண்ணாம்புக்கல் எடுப்பதாகச் சொல்லி உலகுக்கு ஒளித்து ஒரு குடும்பத்தார் அங்கே பொன் எடுக்கின்றனர். பிடித்து வரப்பட்ட அடிமைகள் சாட்டையடியில் மாள்கின்றனர். பொன் கண்டது 1951இல். கதை 1981 வரை செல்கிறது. அந்த முப்பதாண்டுகளில் உண்மைத் தங்கவயலில் நிகழ்ந்தவை எவை?

ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்கத் தொழிலை ஏற்றது 1880இல். சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியின் மின்சாரம் இச்சுரங்கங்களுக்கு வந்தது 1902இல். பெங்களூர் வீதிகளில் மின்விளக்கு எரிந்ததோ 1905இல்தான். எனவே 1951இல் இவ்வூர் உலகறிந்த ஊர், ஒளித்து வைக்கப்பட்டதன்று. 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962இல் மைய அரசின் பொறுப்புக்கு வந்தன. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவாயிற்று. 1965இல், சாம்பியன் ரீப் சுரங்கத்தில், நிலத்துக்கு 2 கிலோமீட்டருக்கும் கீழே, டாட்டா ஆராய்ச்சிக் கழகத்து அறிஞர்களும் இங்கிலாந்து, சப்பான் நாட்டு அறிஞர்களும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் சுவட்டைக் கண்டனர். காற்றுவெளியில் தோன்றும் நியூட்ரினோவை உலகில் முதன்முதல் கண்ட இடங்களுள் இதுவும் ஒன்று. படம் சாட்டையைக் காட்டும் அதே ஆண்டுகளில் இம்மண்ணின் அடியில் நடந்த வேலை இது!

உண்மைக் களனில் கொடுமை இல்லையோ எனில், இருந்தது. திரைக்காரர் கண்ட கொடுமையினும் அது பெரிது. சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம் உடையது. அடியில் பாறையின் வெப்பம் 60 பாகைக்கு மேல். அழுத்தம் தாங்காமல் பாறை தானே வெடித்து ஆளை அமிழ்த்தும். துளையிடும்போது எழும் தூசு நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் ஆகும். 1940களில் நடந்த மருத்துவ ஆய்வில், சோதிக்கப்பெற்ற தொழிலாளருள் நூற்றுக்கு நாற்பதின்மருக்கு மேல் அந்நோய் உடையோராய் இருந்தனர். இதற்குச் சாட்டை வேண்டியதில்லை, காவற்கோபுரம் வேண்டியதில்லை. சங்கு ஊதியதும் ஆள் தானே கூண்டில் ஏறிக் கீழே இறங்குவான். மாதச் சம்பளம் வாங்குவான். பின்னர் இருமி இருமி இறப்பான். சட்டத்துக்கு உட்பட்டு நடந்த இக்கொடுமையைக் காட்டாமல், சட்டத்துக்குப் புறம்பான கற்பனைக் கொடுமையைப் படம் காட்டுகிறது. காண்பவர், "இப்படிப்பட்ட அரக்கர் இப்பொழுது இல்லை" என்று ஆறுதலோடு வீடு திரும்புகிறார். உண்மைக் கொடுமைக்குக் காரணமானவரோ இலண்டனில் பதிவு பெற்ற கம்பெனிகளின் பங்குதாரராய், அமைதியாக ஈவுத்தொகை வாங்கிக்கொண்டிருந்தனர். களனிலும் காலத்திலும் இப்படம் தேறவில்லை.

'தங்கலான்' இவ்வகையில் மேம்பட்டது, ஆயினும் குற்றமற்றதன்று. வடார்க்காட்டு வேப்பூரில், நிலம் பறிபோன ஒடுக்கப்பட்ட குடியின் நிலையிலிருந்து அது தொடங்குகிறது. நம் முன்னோருட் பெரும்பாலோர் வந்த திசை அதுவே. வந்த காரணமும் அதுவே. ஆனால் வெள்ளைக்காரன் ஆள் திரட்டிப் பொன் தேடுவதாகக் காட்டும் காலம் 1850ஐ ஒட்டியது. ஜான் வாரன் இப்பகுதியின் பொன்னைப் பற்றி எழுதியது 1802இல். லவெல் உரிமம் பெற்றது 1870களில். பெருந்தொகையாய்த் தொழிலாளர் வந்தது 1880க்குப் பின்னர். காலத்தை முன்னே தள்ளியதால், கம்பெனி என்னும் அமைப்பு மறைந்து, கிளமெண்ட் என்னும் ஒரு துரையின் பேராசை மட்டுமே நிற்கிறது.

சொல்பவர் யார்?

'கே.ஜி.எஃப்.' கதையை ஓர் இதழாளர் எழுதிய நூலின் வாயிலாகச் சொல்கின்றனர். சொல்லப்படுபவன் பம்பாயிலிருந்து வந்த ஒரு தனி வீரன். ஆயிரக்கணக்கில் நிற்கும் தொழிலாளருக்கு அங்கே வாய் இல்லை. வாழ்த்தொலி எழுப்ப மட்டும் வாய் உண்டு. அவர்தம் விடுதலை வெளியிலிருந்து வருகிறது.

வரலாறு என்ன சொல்கிறது? கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று நிருவாகம் கட்டளையிட்டபோது, 1930இல் இவ்வூர்த் தொழிலாளர் தாமே எழுந்து வேலைநிறுத்தம் செய்தனர். குற்றவாளியைப் போல் ரேகை வைக்க மாட்டோம் என்ற மானமே அதன் வேர். 1946 நவம்பரில் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். அவர்க்கு இவ்வூரில் நினைவிடம் உண்டு. அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கம் மாரிக்குப்பத்தில் கிளை பரப்பியது. அவருக்குப் பின் ஜி. அப்பாதுரையார் 'தமிழன்' இதழை இங்கிருந்து நடத்தினார். சாம்பியன் ரீப்பில் இயங்கிய சித்தார்த்த புத்தகசாலை நூல்களை அச்சேற்றியது. பகலெல்லாம் பாறை உடைத்தவர் மாலையில் ஏடு படித்த ஊர் இது. இத்தகைய மக்களை வாயற்ற கூட்டமாய்க் காட்டுதல் கற்பனையன்று, அவமதிப்பு.

'தங்கலான்' இங்கே வெல்கிறது. கதையைச் சொல்பவன் உழைப்பவன். தன் பிள்ளைகளுக்கு முன்னோர் கதை சொல்லும் தந்தை. தலை துண்டிக்கப்பட்ட புத்தர் சிலை வருவதைச் சிலர் வலிந்து புகுத்தியது என்றனர். மாரிக்குப்பத்து வரலாறு அறிந்தவர் அங்ஙனம் கூறார். உரையாடல் புரியவில்லை என்ற குறையையோ நான் மறுக்க மாட்டேன். வழக்கு மொழியின் அருமை செவியில் விழுந்தாலன்றோ விளங்கும்!

மெய்ப்பாடு

முதற்படம் எழுப்புவது வியப்பும் வெகுளியும். அவற்றை எழுப்பும் திறத்தை யான் குறைத்துரைக்கவில்லை. சண்டை அமைப்புக்கும் சிறப்புக் காட்சிகளுக்கும் 66ஆம் தேசியத் திரைப்பட விருதுகளில் முதற்பாகம் பரிசு பெற்றது. ஆனால் அழுகையும் பெருமிதமும் அங்கே நாயகனுக்கும் அவன் அன்னைக்கும் மட்டுமே உரியவை. 'தங்கலா'னில் ஊர்ப் பெண்டிர் முதன்முறையாக ரவிக்கை அணியும் காட்சி ஒன்று உண்டு. ஒரு முழத் துணி மானுட மதிப்பாக மாறும் அவ்விடத்தில் உவகையும் அழுகையும் ஒருங்கே எழுகின்றன. சண்டைக் காட்சி நூறு கூடினும் அவ்வொரு காட்சிக்கு ஈடாகா. எனினும் அப்படமும் பிற்பாதியில் மாயத்தில் நெடுநேரம் அலைந்து உணர்வைச் சிதறவிடுகிறது.

மறுப்புகளும் விடையும்

"இது கற்பனைக் கதை, வரலாறு கேட்பது பேதைமை" என்பது முதல் மறுப்பு. கற்பனையெனில் நராச்சி என்றே தலைப்பிட்டிருக்கலாமே! சுரங்கத்துக்குக் கற்பனைப் பெயர். தலைப்புக்கு மட்டும் உண்மைப் பெயர். நம் ஊரின் சயனைடு மேட்டின் மீதே அரங்கம் அமைத்துப் படம் பிடித்தனர். பெயரையும் மண்ணையும் எடுத்துக்கொண்டு, மக்களை மட்டும் விட்டுவிடுவது எவ்வகை உரிமை?

"நாயகன் படத்தில் இவற்றையெல்லாம் காட்ட இயலுமோ" என்பது இரண்டாவது. இயலும். 1975 டிசம்பரில் தன்பாத் அருகே சாஸ்நாலா நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து 300க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதனை உட்கொண்டு 1979இல் 'காலா பத்தர்' என்னும் இந்திப் படம் வந்தது. அதிலும் பெருநடிகர் உண்டு, சண்டையுண்டு, பாட்டும் உண்டு. ஆயினும் சுரங்கமும் வெள்ளமும் முதலாளியின் அலட்சியமுமே அதன் நடு. தமிழில் 2013இல் வந்த பாலாவின் 'பரதேசி', தேயிலைத் தோட்டத்து ஆள்பிடிப்பையும் கொள்ளைநோயையும் காட்டிற்று. மனம் இருந்தால் வழியுண்டு.

"கன்னடப் படத்தைத் தமிழர் பழிக்கின்றனர்" எனச் சிலர் கூறலாம். இது மொழிச் சண்டையன்று. சுரங்கத்துள் தெலுங்கரும் கன்னடியரும் மலையாளத்தாரும் தமிழரோடு ஒரே கூண்டில் இறங்கினர். பாறை வெடித்தபோது அது மொழி கேட்கவில்லை. அவர் அனைவர்க்கும் இழைக்கப்பட்ட குறை இது.

பயன்

இறுதி அளவுகோல் இதுவே. "ஊர்ப்பெயர் உலகெங்கும் பரவிற்றே, அது பயனன்றோ" என்று நம்மவரே கேட்கின்றனர். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பின்னர் மாரிக்குப்பத்துத் தொடர்வண்டியில் விடியுமுன் ஏறிப் பெங்களூருக்குக் கூலிக்கும் வேலைக்கும் போய், இரவில் திரும்பும் ஆயிரக்கணக்கானோரின் வாழ்வு படத்தால் ஒரு முழமும் உயரவில்லை. காற்றுக் காலத்தில் சயனைடு மேட்டுத் தூசு இன்னமும் வீட்டுக்குள் வருகிறது. அம்மேட்டைக் காணப் புதியோர் வருகின்றனர். அது அரங்கமன்று, நம் பாட்டன்மார் தோண்டி அரைத்த பாறையின் கழிவு என்று அவர்க்கு எடுத்துரைப்பார் இல்லை. பெயர் பரவியது, பொருள் மறைந்தது.

'தங்கலான்' பொருளை மீட்கத் தொடங்கியிருக்கிறது. ஆனால் பொன் கண்டவுடன் நின்றுவிடுகிறது. நம் கதை தொடங்குவதே அங்கேதான். கூண்டும், லைன் வீடுகளும், சங்கமும், ஏடும், 2001ஆம் ஆண்டின் பூட்டும் இவ்விரு படங்களிலும் ஏறவில்லை.

அதனை எடுக்க யாரேனும் வரும்வரை கைகட்டிக் காத்திருத்தல் ஆகாது. திரைக்காரர் பொய் சொன்னமைக்கு நம் மௌனமும் ஒரு காரணம். சுரங்கத்துள் இறங்கியவர் சிலர் இன்றும் நம் வீடுகளில் மூச்சிரைப்போடு அமர்ந்திருக்கின்றனர். இம்மலரைப் படிக்கும் குடும்பத்தார் ஒவ்வொருவரும், தம் வீட்டுப் பெரியவர் எந்தச் சுரங்கத்தில், எந்த ஆழத்தில், எத்தனை ஆண்டு உழைத்தார் என்பதை அவர் வாய்ச்சொல்லாகவே எழுதி, பேரப்பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டட்டும். அடுத்தமுறை "எந்த ஊர்?" என்று கேட்கப்படும்போது, அப்பிள்ளை ராக்கியின் பெயரைச் சொல்லாது, தன் பாட்டனின் பெயரைச் சொல்லும்.