வெளி மாநில மாணவர்களும் சொந்த நாட்டுப் பெருமையும்

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகும் ரோட்டில், துவாக்குடிக்கருகில், 1964-ம் வருஷத்தில் மத்திய சர்க்காரும் மாகாண சர்க்காரும் சேர்ந்து பிராந்திய இஞ்சினீரிங் கல்லூரி என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். அது 2003-ல் தேசியத் தொழில்நுட்பக் கழகம் என்று பெயர் மாற்றம் பெற்றது. இதில் இளநிலைப் படிப்புக்குள்ள இடங்களில் சரிபாதி இந்த மாநிலத்தாருக்கு. மற்ற பாதி வெளி மாநிலத்தாருக்கு. ஆகவே தெலுங்கு நாட்டுப் பிள்ளைகளும், மலையாளப் பிள்ளைகளும், வடநாட்டுப் பிள்ளைகளும் வருஷந்தோறும் ரயிலேறித் திருச்சிக்கு வந்து சேருகிறார்கள். வரட்டும். நாம் இதை வேண்டாமென்று சொல்லவில்லை.

ஆனால் இக்கழகத்தில் மாத்திரமல்ல, இந்தியாவில் பல மாநிலத்தார் கூடிப் படிக்கும் எந்தக் கலாசாலையிலும், வருகிற பிள்ளைகள் பெட்டி படுக்கையோடு இன்னொரு மூட்டையையும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அதுதான் "எங்கள் நாடு" என்கின்ற பெருமை மூட்டை. சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு மாநிலத்தார் ஒரு மேஜை. விளையாட்டு என்றால் தன் மாநிலத்தான் பக்கம் கைதட்டுதல். தேர்தல் என்றால் தன் மாநிலத்தானுக்கே ஓட்டு. பண்டிகை என்றால் எங்கள் பண்டிகைக்கு உங்கள் பண்டிகையைவிட மேளம் அதிகம் என்கிற போட்டி. உள்ளூர்ப் பிள்ளையோ, "இது எங்கள் மண், நீ பிழைக்க வந்தவன்தானே" என்கிறான். நான்கு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்துவிட்டு, வந்தபோது எப்படி வந்தார்களோ அப்படியே திரும்பிப் போகிறவர்கள் எத்தனை பேர்! இதற்கா இவ்வளவு பொதுப்பணம் செலவு?

முதலாவதாக ஒரு விஷயம் கேட்கின்றோம். ஒருவன் தெலுங்கு நாட்டில் பிறந்ததற்கு அவன் செய்த காரியம் என்ன? தமிழ் நாட்டில் பிறந்ததற்கு நம் பிள்ளை செய்த பிரயத்தனம் என்ன? தாய் எங்கே இருந்தாளோ அங்கே பிறந்தான், அவ்வளவுதான். தான் ஒன்றும் செய்யாமல் பிறப்பினாலே பெருமை கொண்டாடுவது என்பது நாம் எங்கேயோ கேட்ட கதையாக இல்லையா? வருணாசிரமக்காரன் சொன்னதும் இதுதானே! முகத்தில் பிறந்தேன், நான் உயர்ந்தவன் என்றான் அவன். இன்ன ஜில்லாவில் பிறந்தேன், நான் உயர்ந்தவன் என்கிறான் இவன். முன்னதை மறுக்கிற வாயால் பின்னதை எப்படிப் பாராட்ட முடியும்?

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. அந்தப் பாதி இடங்களுக்குச் "சொந்த மாநிலம்" எது என்று சட்டம் எப்படித் தீர்மானிக்கிறது? தகப்பன் ஊரைக் கேட்பதில்லை. தாய் பாஷையைக் கேட்பதில்லை. பன்னிரண்டாவது வகுப்பை எந்த மாநிலத்தில் தேறினாய் என்றுதான் கேட்கிறது. பீகாரில் பிறந்து திருச்சிப் பள்ளிக்கூடத்தில் தேறினவன் இங்கே சொந்த மாநிலத்தான். உறையூரில் பிறந்து ஐதராபாத்தில் தேறினவன் இங்கே வெளி மாநிலத்தான். சர்க்கார் காகிதத்துக்குத் தெரிந்த இந்த உண்மை, படித்த பிள்ளைகளின் மூளைக்கு ஏன் எட்டக்கூடாது?

நிற்க, "பாஷைப் பற்று வேறு, நாட்டுப் பெருமை வேறு; நீங்களே இந்தியை எதிர்த்தவர்கள்தானே" என்று சிலர் நம்மை மடக்கப் பார்க்கலாம். ஆம், எதிர்த்தோம். 1938 ஆகஸ்டு முதல் தேதி இதே திருச்சியிலிருந்துதான் தமிழர் படை கால்நடையாகப் புறப்பட்டு, செப்டம்பர் 11-ந் தேதி சென்னை போய்ச் சேர்ந்தது. ஆனால் அது எதற்காக? இந்தி பேசுகிறவனை வெறுத்தா? தமிழ்தான் தெய்வ பாஷை என்று சொல்லவா? இல்லவே இல்லை. ஒருவன் பாஷையை இன்னொருவன் தலையில் கட்டாயமாகக் கட்டக்கூடாது என்பதற்காக. அந்தப் போராட்டத்தை முன் நின்று நடத்திய பெரியார், வீட்டில் கன்னடம் பேசிய குடும்பத்தில் பிறந்தவர். பிறப்புதான் பற்றுக்குக் காரணமென்றால் அவருக்கு இங்கே என்ன வேலை? ஆகவே சுயமரியாதை என்பது நான் உனக்குத் தாழ்ந்தவனல்ல என்பது; பெருமை என்பது நீ எனக்குத் தாழ்ந்தவன் என்பது. இரண்டும் ஒன்றாகாது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், வெளி மாநில மாணவன் தன் பாஷையில் பேசுவதிலும், தன் ஊர்ச் சாப்பாட்டுக்கு ஏங்குவதிலும் ஒரு குற்றமும் இல்லை. மனிதனுக்கு அது இயற்கை. ஆனால் நான்கு வருஷம் இங்கே இருந்துகொண்டு, சோறு போடுகிற அம்மாளிடமும், டீக்கடைக்காரரிடமும், பஸ் கண்டக்டரிடமும் "உனக்கு இந்தி தெரியாதா?" என்று கேட்பானேயானால் அது பற்று அல்ல, அகம்பாவம். அதேபோல, பாஷை தெரியாமல் திகைத்து நிற்கும் பிள்ளையை ஏமாற்றி இரட்டை வாடகை வாங்குகிற நம் ஆட்டோக்காரரின் காரியமும் தமிழ்ப்பற்று அல்ல, வெறும் மோசடி.

இந்த வீண் பெருமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அண்டை நாட்டுச் சரித்திரமே போதும். 1969-ல் தெலங்கானாவில், உஸ்மானியா சர்வகலாசாலை மாணவர்கள் முன்னணியில் நிற்க, ஒரு பெருங் கிளர்ச்சி நடந்தது. ஆந்திரக் கரையோரத்தார் வந்து எங்கள் இடத்தையும் உத்தியோகத்தையும் பிடித்துக்கொள்ளுகிறார்கள் என்பது முறையீடு. துப்பாக்கிச் சூட்டில் பல இளைஞர்கள் மாண்டார்கள். கடைசியில் 2014 ஜூன் 2-ந் தேதி தனி மாநிலமே ஏற்பட்டது. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், இரு பக்கத்தாருக்கும் பாஷை ஒன்றே, தெலுங்கு. அப்படியானால் சண்டை பாஷைக்காகவா? இல்லை. படிப்புக்கும் பிழைப்புக்கும். அந்த முறையீட்டில் நியாயம் இருந்தது. வாக்குக் கொடுத்த பாதுகாப்புகளை நடத்திக் கொடுக்காததே தீக்குக் காரணம். ஆகையால் இடம், உத்தியோகம் என்று நேராகப் பேச வேண்டியதைப் பெருமை, மண், வீரம் என்று பேசினால், தலைவர்களுக்குப் பதவியும் பிள்ளைகளுக்குத் தடியடியும்தான் மிச்சம்.

ஆகவே இடத்தைப் பற்றியே நேராகப் பேசுவோம். "தமிழ்நாட்டு நிலத்தில் வெளியானுக்கு ஏன் பாதி?" என்று நம்மவர் சிலர் கேட்கிறார்கள். வாரங்கல்லிலும், சூரத்கல்லிலும், கள்ளிக்கோட்டையிலும் இதே மாதிரிக் கழகங்கள் இருக்கின்றன. அங்கேயும் பாதி வெளியாருக்கு. அந்தப் பாதியில் நம் பிள்ளைகள் போய்ப் படிக்கிறார்கள். இது கொடுத்து வாங்கும் காரியம். உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த இரண்டு பாதியிலும் வந்து உட்காருகிறவர் யார்? நுழைவுப் பரீட்சைக்கு இரண்டு வருஷம் பணங்கட்டித் தனிப் பயிற்சி பெற வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே அதிகம். லால்குடிப் பக்கத்து விவசாயக் கூலியின் மகனும், தெலங்கானா நெசவாளியின் மகளும் வாசலுக்கு வெளியே நிற்க, உள்ளே இருக்கிற இரு தரப்பு வசதிக்காரப் பிள்ளைகளும் "எங்கள் நாடு, எங்கள் நாடு" என்று சண்டை போடுவது என்ன நியாயம்? வெளியே நிற்கிற அந்த இருவருக்கும் எந்த நாடு சொந்த நாடு?

டாக்டர் அம்பேத்கரை நினைத்துப் பாருங்கள். 1913-ல் பரோடா மன்னர் கொடுத்த உதவிப் பணத்தில் அமெரிக்காவில் கொலம்பியா சர்வகலாசாலைக்குப் போய்ப் படித்தார். அந்நியன் நாட்டில் அவருக்கு மற்றவரோடு சமமாக உட்கார இடம் கிடைத்தது. பட்டங்களோடு திரும்பி 1917-ல் பரோடாவுக்கு உத்தியோகத்துக்கு வந்தபோது, அந்த ஊரில் அவருக்குக் குடியிருக்க ஓர் அறை கிடைக்கவில்லை. தங்கியிருந்த விடுதியிலிருந்தும் தடி கொண்டு வந்து விரட்டினார்கள். தன் மக்களில் பலருக்கு ஓர் அறைகூடக் கொடுக்காத தேசத்தின் பேரில், அறை கிடைத்தவர்கள் பெருமையடித்துக்கொள்ளுவதற்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குப் போய்ப் பார்த்தாலும் இந்தப் பாடம் விளங்கும். நாட்டுப் பெருமையைத் தூக்கிக்கொண்டு இவ்விடம் வந்தவர்கள் இந்த மாணவர்கள் முதல்வர்கள் அல்லர். 13-ம் நூற்றாண்டில் கன்னட தேசத்து ஹொய்சளர்கள் வந்து சமயபுரத்துக்கருகில் கண்ணனூரில் இருந்து ஆண்டார்கள். பிறகு விஜயநகரத்தார் வந்தார்கள், நாயக்கர்கள் வந்தார்கள். கோவில் கல்வெட்டுகள் 600-க்கு மேற்பட்டவை. தமிழிலும், சமஸ்கிருதத்திலும், கன்னடத்திலும், தெலுங்கிலும் வெட்டி வைத்திருக்கிறார்கள். எல்லா பாஷைக்கும் அந்தச் சுவரில் இடமிருந்தது. ஆனால் அந்தக் கல்லைச் சுமந்தவனுடைய சந்ததிக்கு? சென்னை மாகாணத்தில் கோவில் நுழைவுக்கு 1939-லும் 1947-லும் சட்டம் போட வேண்டியிருந்ததே! அப்படியானால் தமிழரசன் கட்டினதென்றும், தெலுங்கரசன் கட்டினதென்றும் சொல்லிக்கொள்ளும் பெருமையில் கல் சுமந்தவனுக்கு என்ன பங்கு?

ஒரே பாஷை, ஒரே கடவுள், ஒரே ஊர் என்றிருந்தாலாவது ஒற்றுமை வந்துவிட்டதா? வடகலை, தென்கலை என்று பிரிந்து, பாதம் வைத்த நாமமா, பாதமில்லாத நாமமா என்று கோர்ட்டுப் படியேறினவர்களைப் பற்றி ஸ்ரீரங்கத்தாருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பிரித்துப் பார்க்கிற புத்தி இருக்கிறவரையில் அதற்கு ஒரு கோடு அகப்பட்டே தீரும்.

இனி நம் வீட்டுக் குப்பையையும் பார்ப்போம். வெளி மாநிலப் பிள்ளைகளின் பெயருக்குப் பின்னால் ஜாதி வால் தொங்குகிறதென்று நம் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மகாநாட்டில் ஜாதிப் பட்டத்தை விட்டொழிக்கத் தீர்மானம் போட்ட நாடு இது. அந்த வகையில் சிரிக்க நமக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு. ஆனால் பெயரில் விட்டதைக் கையில் கட்டிக்கொண்டோமே! பள்ளிப் பிள்ளைகள் ஜாதிக்கொரு வர்ணத்தில் கயிறு கட்டி வருகிறார்கள். 2023-ல் நாங்குநேரியில், நன்றாகப் படித்த குற்றத்துக்காக ஒரு தாழ்த்தப்பட்ட வகுப்புப் பையனையும் அவன் தங்கையையும் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். பின்னர் நியமிக்கப்பட்ட நீதிபதி சந்துரு கமிட்டி, 2024-ல் கொடுத்த அறிக்கையில் அந்தக் கயிறுகளைத் தடுக்க வேண்டுமென்று சொல்ல வேண்டியிருந்தது. வெட்டினவனும் தமிழன், வெட்டுப்பட்டவனும் தமிழன். இந்த நிலையில் "நாங்கள் தமிழர்" என்று துவாக்குடியில் மார் தட்டினால் தெலுங்குப் பிள்ளை சிரிக்க மாட்டானா?

அப்படியானால் சொந்த நாட்டிலிருந்து ஒன்றுமே கொண்டு வரக்கூடாதா என்று கேட்கலாம். தாராளமாகக் கொண்டு வரட்டும். ஆனால் மூட்டையில் எதைக் கட்டுவது என்பதில்தான் புத்தி வேண்டும்.

தெலுங்குத் தோழர்களே! நீங்கள் வீரேசலிங்கத்தைக் கொண்டு வாருங்கள். 1881-ல் ராஜமகேந்திரவரத்தில் வைதிகர்களின் பகிஷ்காரத்துக்குப் பயப்படாமல் விதவை மறுமணம் நடத்தி வைத்தாரே, அவரைப் பற்றி எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மலையாளத் தோழர்களே! 1893-ல் தாழ்த்தப்பட்டவர் போகக்கூடாத வீதியில் வில்வண்டி ஓட்டிய அய்யன்காளியையும், 1917-ல் செறாயியில் ஜாதி பாராமல் சமபந்தி போஜனம் நடத்திய சகோதரன் அய்யப்பனையும் கொண்டு வாருங்கள். ஓணத்துக்குப் பூக்கோலம் போடும்போது, நல்லரசனிடம் குள்ளன் வேஷத்தில் வந்து நிலத்தைப் பிடுங்கினவன் யார், இழந்தவன் யார் என்று ஒரு வார்த்தை பேசுங்கள். மராட்டியர் 1848-ல் பூனாவில் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் வைத்த பூலேயையும் சாவித்திரிபாயையும் கொண்டு வரட்டும். இந்திக்காரர்கள், பெரியாரின் இராமாயண ஆராய்ச்சியை இந்தியில் வெளியிட்டு, 1969-ல் உத்தரப் பிரதேச சர்க்கார் பறிமுதல் செய்தபோது, 1976-ல் சுப்ரீம் கோர்ட்டு வரை போய் ஜெயித்த லலாய் சிங்கைக் கொண்டு வரட்டும். நாங்களும் வெறுங்கையோடு நிற்கவில்லை. 1924-ல் வைக்கத்து வீதியில் நடக்கும் உரிமைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து போய் ஜெயிலுக்குள் இருந்தவரை நாங்கள் கொடுக்கிறோம். வைக்கம் அவருக்குச் சொந்த ஊரா? நியாயம் இருந்த இடம்தான் அவருக்குச் சொந்த ஊர்.

கலாசாலை அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. ஓர் அறையில் ஒரு மாநிலத்தாரையே அடைக்காதீர்கள், கலந்து வையுங்கள். மாநில விழா நடத்த வருகிறவர்களிடம், ஆட்டம் பாட்டத்தோடு உங்கள் நாட்டில் ஜாதியையும் பெண்ணடிமையையும் எதிர்த்தவர் ஒருவரைப் பற்றிப் பேச்சு உண்டா என்று கேட்டு இடங்கொடுங்கள். வெளியிலிருந்து வருகிறவருக்கு முதல் வருஷத்தில் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போதுமான தமிழைப் பரீட்சையில்லாமல், விருப்பமுள்ளவர்க்குச் சொல்லிக் கொடுங்கள். கட்டாயம் வேண்டாம், கட்டாயத்தின் ருசி எங்களுக்குத் தெரியும்.

திருச்சி, ஸ்ரீரங்கத்து வாலிபத் தோழர்களுக்கு நாம் சொல்லுவது என்னவென்றால், வந்த பிள்ளைகளை விருந்தாளியாகவும் நினைக்க வேண்டாம், விரோதியாகவும் நினைக்க வேண்டாம். கூட்டங்களுக்கு அழையுங்கள். அவர்கள் நாட்டுப் பெரியவர்களைப் பற்றி அவர்கள் வாயாலேயே பேசச் செய்யுங்கள். நாலு வருஷம் கழித்து அந்தப் பிள்ளை ரயிலேறும்போது, எவனையும் பிறப்பைக் கொண்டு தாழ்வாக நினைக்கக்கூடாது என்ற ஒரு எண்ணத்தோடு வீடு போய்ச் சேருவானானால், துவாக்குடியில் போட்ட பணம் வீண் போகவில்லை என்போம்.