சுவரில் டங்ஸ்டன்... பிளாஸ்மாவுக்கு ஆபத்தா? 'செயற்கை சூரியன்' திட்டத்துக்கு எலக்ட்ரான் கணக்கு ஏன் தேவைப்படுகிறது?

ஃபிரான்ஸின் கடராஷில் இந்தியா உட்பட பல நாடுகள் சேர்ந்து கட்டும் அணுக்கரு இணைவு உலைதான் ஐ.டி.இ.ஆர். 2024 ஜூலையில் இதன் புதிய அட்டவணை வெளியானது. டியூட்டீரியம்-டிரிட்டியம் எரிபொருளில் இயக்குவது 2035-ல் இருந்து 2039-க்குத் தள்ளிப்போனது. கூடுதல் செலவு சுமார் 500 கோடி யூரோ. செய்திகள் எல்லாம் இந்த இரண்டு எண்களையே சுற்றிச் சுற்றி வந்தன.

அதே அறிவிப்பில் இன்னொரு பெரிய மாற்றமும் இருந்தது. பிளாஸ்மாவைப் பார்த்தபடி இருக்கும் உள்சுவருக்கு பெரிலியம் வேண்டாம், டங்ஸ்டன் போடலாம் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

ஏன் டங்ஸ்டன்?

பெரிலியம் சீக்கிரம் தேய்ந்துவிடும். அதன் தூசி நச்சு வேறு. டங்ஸ்டன் உருகவே 3,422 டிகிரி செல்சியஸ் வேண்டும். உலோகங்களிலேயே இதுதான் அதிகம். அப்புறம் என்ன பிரச்னை?

பிரச்னை அணுவுக்குள் இருக்கிறது. உலையின் மையத்தில் வெப்பம் 15 கோடி டிகிரி. அங்கே ஹைட்ரஜன் தன் ஒரே எலக்ட்ரானை இழந்துவிட்டு அமைதியாகிவிடும். டங்ஸ்டனுக்கோ 74 எலக்ட்ரான்கள்! அவ்வளவு சூட்டிலும் எல்லாம் கழன்றுவிடாது. மிச்சம் இருப்பவை திரும்பத் திரும்ப ஒளியை உமிழ்ந்து வெப்பத்தை வெளியே கடத்திவிடும். லட்சத்தில் சில அணுக்கள் மையத்துக்குள் நுழைந்தாலே பிளாஸ்மா குளிர ஆரம்பித்துவிடும்.

அதனால் சுவரில் இருந்து எத்தனை டங்ஸ்டன் அணுக்கள் உதிர்கின்றன என்பது உடனுக்குடன் தெரிந்தாக வேண்டும். ஆனால் உள்ளே கருவியை நுழைத்து எண்ண முடியாது.

ஒளியை வைத்து எண்ணுவது எப்படி?

சுவரை விட்டுக் கிளம்பிய டங்ஸ்டன் அணுவை, ஓரத்தில் சுற்றும் எலக்ட்ரான்கள் வந்து இடிக்கும். சில மோதல்களில் அணு ஒளிரும். சில மோதல்களில் அது ஒரு எலக்ட்ரானை இழந்து அயனியாகிவிடும். 400.9 நானோமீட்டரில் வரும் ஊதா நிற ஒளிதான் டங்ஸ்டனின் பிரபலமான அடையாளம். ஒரு ஒளித்துகள் வந்தால் எத்தனை அணுக்கள் அயனியாகியிருக்கும் என்ற விகிதம் மட்டும் தெரிந்துவிட்டால் போதும். வெளியே ஸ்பெக்ட்ரோமீட்டரை வைத்து ஒளியை அளந்து, அந்த விகிதத்தால் பெருக்கினால் உதிர்ந்த அணுக்களின் எண்ணிக்கை கிடைத்துவிடும்.

விகிதம் 2 மடங்கு தப்பாக இருந்தால்? சுவரின் தேய்மானக் கணக்கும் அப்படியே 2 மடங்கு தப்பாகிவிடும். அவ்வளவு சிம்பிள், அவ்வளவு ஆபத்து.

'மெதுவான' எலக்ட்ரான்தான் தலைவலி!

அந்த விகிதத்தை ஆய்வகத்தில் அளப்பது கஷ்டம், டங்ஸ்டனை ஆவியாக்குவதே பெரும்பாடு. எனவே கம்ப்யூட்டர் கணிப்புதான் முக்கிய வழி. ஓரத்தில் உள்ள எலக்ட்ரான்களின் ஆற்றல் சில எலக்ட்ரான் வோல்ட்டில் தொடங்கி சில பத்து எலக்ட்ரான் வோல்ட் வரை இருக்கும். 1 எலக்ட்ரான் வோல்ட் என்பதே சுமார் 11,600 கெல்வின். இந்தத் துறையின் பாஷையில் இதற்குப் பெயர் 'குறைந்த ஆற்றல்'!

வேகமான எலக்ட்ரான் சட்டென்று கடந்து போய்விடும், கணக்கும் எளிது. மெதுவாக வருவது அப்படியில்லை. அது நெருங்கும்போதே அணுவின் மற்ற எலக்ட்ரான்கள் எல்லாம் நகர்ந்து கொடுக்கும். வந்த எலக்ட்ரான் எது, ஏற்கனவே இருந்தது எது என்று பிரித்துப் பார்க்கவும் முடியாது. சில குறிப்பிட்ட ஆற்றல்களில் வந்த எலக்ட்ரான் கொஞ்ச நேரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அப்போது மோதலுக்கான வாய்ப்பு திடீரென எகிறும். அந்தக் கூர்முனைகளைத் தவறவிடாமல் இருக்க ஆயிரக்கணக்கான ஆற்றல் புள்ளிகளில் தனித்தனியாகக் கணக்கு போட வேண்டும்.

இத்தனைக்கும் ஒரே எலக்ட்ரான் கொண்ட ஹைட்ரஜனை இன்னொரு எலக்ட்ரான் மோதி உடைப்பதை முழுமையாகக் கணித்துவிட்டதாக அமெரிக்க விஞ்ஞானிகள் 'சயின்ஸ்' இதழில் அறிவித்தது 1999 டிசம்பரில்தான். அதற்கே சூப்பர் கம்ப்யூட்டர் தேவைப்பட்டது. 74 எலக்ட்ரான் என்றால் யோசித்துப் பாருங்கள்.

பெட்டி போட்டுப் பிரிக்கும் தந்திரம்

இங்கே கைகொடுப்பது 'ஆர்-மேட்ரிக்ஸ்' முறை. அணுவைச் சுற்றி ஒரு கற்பனைக் கோளம் வரைந்துகொள்வார்கள். உள்ளே நடக்கும் சிக்கலான கணக்கை ஒரே ஒரு முறை போட்டு வைத்துவிடுவார்கள். வெளியே ஒரு எலக்ட்ரான் மட்டும் தூரத்தில் போவதால் கணக்கு சுலபம், அதை ஒவ்வொரு ஆற்றலுக்கும் திரும்பப் போடலாம். எலக்ட்ரான்-அணு மோதலுக்கு இந்த முறையை 1970-களில் வளர்த்தெடுத்தவர் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஃபிலிப் பர்க்.

அதே பல்கலைக்கழகக் குழுதான் அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, மின்சுமை இல்லாத டங்ஸ்டனுக்கான கணிப்பை 2018-ல் வெளியிட்டது. கனமான அணு என்பதால் சார்பியல் விளைவுகளையும் அதில் சேர்த்திருந்தார்கள்.

இந்தியாவுக்கு என்ன?

ஐ.டி.இ.ஆரைச் சுற்றி நிற்கும் 3,850 டன் எடையுள்ள கிரையோஸ்டாட்டின் பாகங்கள் குஜராத்தின் ஹசிராவில் எல்&டி நிறுவனம் செய்தவை. நம் பணமும் உழைப்பும் அதில் இருக்கிறது. செலவும் தாமதமும் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் 2039-ல் உலை நினைத்தபடி எரியுமா என்பதில் டங்ஸ்டன் சுவருக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஜெர்மனியின் கார்ச்சிங்கில் உள்ள உலை 2007 முதல் முழு டங்ஸ்டன் சுவரோடு இயங்குவது நம்பிக்கை தரும் விஷயம். ஆனால் அது ஐ.டி.இ.ஆரைவிட மிகச் சிறியது.

மின்சுமை இல்லாத டங்ஸ்டனோடு வேலை முடிந்துவிடாது. உதிர்ந்த அணு, மறுபடி சுவரிலேயே போய் ஒட்டிக்கொள்வதும் உண்டு. மையம் வரை போவது எவ்வளவு என்று அறிய ஒன்று, இரண்டு, மூன்று எலக்ட்ரான் இழந்த டங்ஸ்டன் அயனிகளுக்கும் இதே கணக்கைத் தனித்தனியாகப் போட வேண்டும்.