கல்லை ஒட்டிய பசை எது?

கிரைண்டர் வாங்க வருகிறவர்கள் டிரம்மைத் தட்டிப் பார்க்கிறார்கள். விவரமானவர்கள் காந்தம் வைத்தும் பார்ப்பார்கள். மோட்டாருக்கு எத்தனை வருஷம் வாரண்டி என்பார்கள். அடிக்கல்லை ஸ்டீல் டிரம்மில் பிடித்து வைத்திருக்கும் பசை எது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கோவையில் கிரைண்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் நான் சொல்கிறேன், கேளுங்கள்.

கல்லுக்கு அடியில் இருக்கிற பசை மாவில் எங்கே படப்போகிறது என்று தொழில்காரர்களே சொல்வதுண்டு. படும். கல்லின் விளிம்பைச் சுற்றி அது கோடாக வெளியே தெரிகிறது. சூட்டில் கருங்கல்லைவிட ஸ்டீல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். சூடு ஏறி ஏறி இறங்கும்போது அந்தக் கோட்டில் மயிரிழை விரிசல் விழும். உள்ளே போன மாவை எந்தப் பிரஷ்ஷாலும் எடுக்க முடியாது, அங்கேயே கிடந்து புளிக்கும். உப்புப் போட்டு ஆட்டுகிற வீடானால் அந்த இடுக்கில் ஸ்டீலையே அரித்துவிடும்.

ரிப்பேர் என்று வந்தால் இன்னும் மோசம். காலையில் கொண்டுவந்து வைத்துவிட்டு, "சாயங்காலம் மாவு ஆட்டோணுங்ணா" என்பார்கள். ஹார்டுவேர் கடை எபாக்ஸியைக் கண்ணளவில் கலந்து அப்பிக் கொடுத்துவிடலாம், கல் ஆடாது. ஆனால் கலவை விகிதம் தவறினால் ஹார்டனர் வினைபுரியாமல் மிஞ்சி நிற்கும். தொட்டால் கல்லாக இருக்கிற பசை உள்ளே முழுதாக இறுகச் சாதாரண வெப்பத்தில் பல நாள் எடுக்கும். குளியலறைக்கு விற்கிற சிலிக்கோனை விளிம்பில் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். பூஞ்சை வராமலிருக்க அதில் பெரும்பாலும் மருந்து கலந்திருக்கும். அந்த மருந்து தோசைக்கு எதற்கு?

'ஃபுட் கிரேடு' என்று டியூபில் போட்டிருந்தால் போதாதா? போதாது. அமெரிக்க விதி 175.105 பசைகளைப் பற்றியது. அதன்படி பசைக்கும் உணவுக்கும் நடுவே தடுப்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் பொட்டலத்தின் ஓரங்களிலும் இணைப்புகளிலும் துளியளவு மட்டுமே உணவில் படலாம். தினமும் தேய்படுகிற கிரைண்டருக்காக எழுதியதல்ல அது. உணவு தொடும் பூச்சுகளுக்கு 175.300, திரும்பத் திரும்பப் புழங்கும் ரப்பர் பொருள்களுக்கு 177.2600 என்று விதிகள் தனித்தனி. எந்த விதி, எவ்வளவு சூடு, எத்தனை நாள் இறுக வேண்டும் என்று பசையின் விவரத்தாளில் இருக்கும். அதைக் காட்ட முடியாத கடைக்காரரிடம் வாங்கவே கூடாது என்பது என் கட்சி.

நல்ல பசையும் சும்மா ஒட்டாது. ஸ்டீலின் வழவழப்பு போக எமரி பேப்பரால் தேய்க்க வேண்டும், எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தெடுக்க வேண்டும், கல் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். ஈரக் கல்லில் அவசரமாக ஒட்டியதுதான் மறுபடி கடைக்கு வருகிறது.

புவிசார் குறியீடு வாங்கிய கோவை கிரைண்டருக்குப் பசையின் விவரத்தைச் சொல்வது பெரிய காரியமில்லை. வாரண்டி அட்டையில் பசையின் பெயரையும் அது எந்த விதிப்படி தேறியது என்பதையும் அச்சடிக்க ஒரு வரி போதும். அந்த வரி இருந்தால், ஒட்டியது விட்டுப்போகும்போது எதை வாங்கி ஒட்டுவது என்று எங்களைப் போன்ற சர்வீஸ்காரர்களுக்கும் தெரியும்.