எரித்த கதை போதும், அச்சிட்ட கதை சொல்லுங்க

ஸ்காட் துரை கதை உங்களுக்கும் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். திருக்குறளை இஷ்டத்துக்குத் 'திருத்தி' அச்சடித்த வெள்ளைக்காரரிடம் பிரதிகளை மொத்தமாக விலைக்கு வாங்கி பாண்டித்துரைத் தேவர் எரித்தார் என்பார்கள். எங்க ராமநாதபுரத்தில் மைக் கிடைத்த எவரும் இதை விடுவதில்லை. நடந்ததோ இல்லையோ, நமக்கு அந்த நெருப்பு பிடித்திருக்கிறது.

எனக்குப் பிடித்தது வேறு கதை. சென்னையில் ஆ. சிங்காரவேலு முதலியார் என்ற பள்ளிக்கூடத் தமிழாசிரியர், பல வருஷம் தனியாளாக உட்கார்ந்து ஒரு கலைக்களஞ்சியம் தொகுத்தார். அச்சிட ஆள் கிடைக்கவில்லை. தேவர் பொறுப்பேற்றார். 1901இல் அவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் 1910இல் 'அபிதான சிந்தாமணி'யை வெளியிட்டது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். அடுத்த வருஷம் தேவர் இறந்துபோனார். புத்தகம் இன்றும் அச்சில் இருக்கிறது.

அவரை 'வள்ளல்' என்று சொல்லிச் சொல்லியே பாதியை மறைத்துவிட்டோம். நூலகம், அச்சகம், 'செந்தமிழ்' இதழ் என்று சங்கத்தைச் சுற்றி அவர் கட்டியதெல்லாம் பதிப்பாளர் வேலை. அப்பா பொன்னுசாமித் தேவரும் கடலுக்கு அந்தப் பக்கத்து ஆறுமுக நாவலரின் பதிப்புகளுக்குத் துணை நின்றவர். தேசிய இலக்கியம்னு பெரிசா பேசுறோமே, தான் எழுதாத புத்தகத்துக்கு நஷ்டக் கணக்கு எழுத யாரோ சம்மதித்ததால் வந்தது அது.

ஜமீன் பணம் உழுதவன் பணம்தான், ஒத்துக்கறேன். ஜமீன் இல்லாமலும் செய்தவர் உண்டு. பழைய ராமநாதபுரம் ஜில்லாவின் சிவகங்கையில், கல்லூரி வாத்தியார் கவிஞர் மீரா 'அன்னம்' நடத்தினார். கி.ரா.வைப் போட்டார். பேர் தெரியாத கவிஞர்களின் முதல் தொகுப்பையும் போட்டார்.

இன்னைக்கு? பாம்பன் பையன் ஒருத்தன், கடலுக்குப் போகிற குடும்பம், கதைகள் அனுப்பினான். ஒரு பதிப்பகத்திலிருந்து பதில் வந்தது: "நூறு பிரதி நீங்களே எடுத்துக்கணும் தம்பி." கூடவே ஜிபே நம்பர். கதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் சாஃப்ட்வேர்காரன். கிளையன்ட் காசில் கிளையன்ட் கேட்டதைச் செய்துகொடுத்தால் அது சர்வீஸ் கம்பெனி. தப்பில்லை, எனக்குச் சம்பளமே அதில்தான் வருது. ஆனால் நாங்கள் வாசலில் 'தமிழ் வளர்க்கிறோம்' என்று போர்டு மாட்டுவதில்லை.

அடுத்த புத்தகக் கண்காட்சியில் அந்த போர்டுக்குக் கீழே உட்கார்ந்திருப்பவரிடம் கேளுங்கள்: போன வருஷம் உங்க சொந்தக் காசில் யாருடைய முதல் புத்தகத்தைப் போட்டீங்க?

பையனின் கதைகள் இப்போ ஒரு கூகுள் டாக்கில் கிடக்கின்றன. லிங்க் என்னிடம் இருக்கு.